தாரையும் தாரகையும்

தமிழ்ப் பேரகராதியில் ‘தாரை’ என்னும் சொல்லைத் தேடிச் செல்பவர் ஒரே பொருளோடு திரும்பி வர இயலாது. நீரொழுக்கு என்பது ஒரு பொருள். கொடைக்கு அடையாளமாக நீர் வார்த்தல் மற்றொன்று. நீண்ட ஊதுகொம்பும் தாரை, விண்மீனும் தாரை, கண்ணின் மணியும் தாரை. வடமொழியில் ஒழுக்கைக் குறிக்கும் சொல்லும் மீனைக் குறிக்கும் சொல்லும் முதலெழுத்தின் ஒலிப்பால் வேறுபட்டவை. அவ்வேறுபாட்டைக் காட்டத் தமிழ் நெடுங்கணக்கில் எழுத்தில்லாமையால் இரண்டும் ஒரே வடிவம் பெற்றன. ஆகவே ஒழுக்கும் மீனும் ஒரு சொல்லுக்குள் குடியேறியது வெறும் தற்செயல். அதற்குள் ஆழ்ந்த உண்மை ஒளிந்திருப்பதாக எவரும் வாதாட வேண்டியதில்லை.

ஆயினும் கவிஞர்கள் தற்செயலை வீணாக்குவதில்லை. விண்ணியலும் கடந்த சில பத்தாண்டுகளாக இவ்விரு பொருள்களையும் அருகருகே வைத்து ஒரு வினாவை எழுப்பி வருகிறது. சில விண்மீன் திரள்களின் நடுவிலிருந்து புறப்பட்டு ஆயிரக்கணக்கான, சில வேளைகளில் லட்சக்கணக்கான ஒளியாண்டுத் தொலைவு பாயும் தாரைகள், தாம் செல்லும் வழியில் விண்மீன்களைப் பிறப்பிக்கின்றனவா, அல்லது பிறக்கவிருந்தவற்றைக் கருவிலேயே கலைத்துவிடுகின்றனவா? தாரையின் வழியில் இளமீன்கள் காணப்பட்டால் அது காரணமா, தற்செயலா? சொல்லில் எழுந்த ஐயமே வானத்திலும் எழுகிறது. சொல்லாராய்ச்சிக்கு அகராதி இருப்பது போல, வானத்து ஐயத்தைத் தீர்க்கவும் சில வழிகள் உண்டு. அவற்றைப் பற்றியதே இவ்வுரை.

கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்பவர்க்கு விழுவதன் வலிமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே அரபிக் கடல் நோக்கிப் போய்க்கொண்டிருந்த பெரியாற்று நீர், பென்னி குவிக் 1895ஆம் ஆண்டு கட்டி முடித்த அணையால் தடுக்கப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பியது. அந்நீர் மலைச்சரிவில் இரும்புக் குழாய்களுக்குள் இறங்கும் விசையைக் கொண்டு 1950களின் இறுதியிலிருந்து லோயர் கேம்ப் மின்நிலையம் மின்சாரம் எடுத்து வருகிறது. நீர் எரிவதில்லை, தேய்வதும் இல்லை. உயரத்திலிருந்து விழுகிறது, அவ்வளவே. விழும் பொருள் தன் வீழ்ச்சிக்கு விலையாக ஆற்றலைக் கொடுத்துவிட்டுப் போகிறது.

விண்மீன் திரள்களின் நடுவிலும் இதுவே நிகழ்கிறது. திரள் என்பது நமது பால்வீதியைப் போலப் பத்தாயிரம் கோடி என்னும் அளவில் மீன்களைக் கொண்ட தொகுதி. பெரிய திரள்கள் அநேகமாக எல்லாவற்றின் நடுவிலும், பல லட்சம் முதல் பல நூறு கோடி சூரியன்களின் நிறையுள்ள ஒரு கருந்துளை உண்டு. அதை நோக்கி வரும் வாயு நேரே போய் விழுவதில்லை. சுழன்று, தட்டுப்போல் பரந்து, உரசிக் காய்ந்து, பிறகே உள்ளே இறங்குகிறது. சூரியனின் வயிற்றில் ஹைட்ரஜன் ஹீலியமாகும்போது அதன் நிறையில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே ஆற்றலாகிறது. கருந்துளையின் விளிம்பை நோக்கி விழும் பொருளோ நூற்றில் பத்துப் பங்கு வரையில் ஆற்றலாக்க வல்லது. அண்டத்தில் அணுவை விட வலிய அடுப்பு வீழ்ச்சிதான்.

இவ்வாறு வாயு விழுந்துகொண்டிருக்கும் நடுவுடைய திரளைச் செயலூக்கமுள்ள திரள் என்பர். அத்தகையவற்றுள் ஒரு சிறு பகுதியில், சுழலும் தட்டின் காந்தப் புலங்கள் முறுக்கேறி, தட்டுக்கு மேலும் கீழுமாக இரண்டு தாரைகளைப் பீச்சுகின்றன. அவற்றின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்குவது. தாரை எவ்விதம் முறுக்கப்பட்டுப் புறப்படுகிறது என்பதன் நுட்பங்களில் இன்றும் வழக்குண்டு. ஆனால் துளை தான் விழுங்கியதைத் துப்புவதில்லை என்பதில் வழக்கில்லை. விளிம்பைத் தாண்டியது தாண்டியதுதான். தாண்டும் முன் வெளியே சுழன்றதில் ஒரு பகுதியே தாரையாகிறது. புதுக்கவிதையில் கருந்துளை நுழைந்த நாள் முதல் அது வெறுமைக்கும் இழப்புக்கும் மட்டுமே உவமையாகி வருகிறது. அது பாதி உண்மை. அண்டத்தின் மிகக் கூரிய ஒளியும் அந்த இருட்டின் வாசற்படியிலிருந்தே கிளம்புகிறது என்பது மறுபாதி. உவமை சொல்பவர் எந்தப் பாதியைச் சொல்கிறோம் என்று அறிந்து சொல்வது நல்லது.

தாரையை முதலில் கண்டவர் அதைத் தாரை என்று அறிந்திருக்கவில்லை. 1918இல் கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் ஹீபர் கர்ட்டிஸ் என்பவர், எம் 87 எனப்படும் திரளின் நடுவிலிருந்து நேர்கோடாக ஓர் ஒளி நீள்வதைக் குறித்துவைத்தார். அது ஏறத்தாழ ஐயாயிரம் ஒளியாண்டு நீளமுள்ள தாரை என்பதும், அதன் வேரில் 650 கோடி சூரிய நிறையுள்ள கருந்துளை இருக்கிறது என்பதும் தெரிய நூறாண்டுகள் ஆயின. 2019 ஏப்ரலில் உலகச் செய்தித்தாள்களெல்லாம் வெளியிட்ட அந்தச் செந்நிற வளையப் படம் இதே கருந்துளையின் நிழல்தான்.

இடைப்பட்ட காலத்தில் கண்ணுக்குப் புலனாகாத வானம் ஒன்று திறந்தது. 1953இல் இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் ஆய்வுக்களத்தில் ஜெனிசன் என்பவரும், வங்கத்திலிருந்து சென்றிருந்த மிருணாள் குமார் தாஸ்குப்தாவும், சிக்னஸ் ஏ எனப்படும் வானொலி மூலம் ஒரு புள்ளியன்று என்று கண்டனர். கண்ணுக்குத் தெரியும் திரள் நடுவில் இருக்க, அதன் இருபுறமும் வெகு தொலைவில் இரண்டு வானொலிக் குமிழ்கள் இருந்தன. நடுவிலிருந்து ஏதோ ஒன்று இருபுறமும் ஊட்டம் கொண்டு செல்லாமல் இத்தகைய இரட்டை இருக்க முடியாது என்று பின்னர் உணர்ந்தனர். அந்த ஏதோ ஒன்றே தாரை.

தமிழ்நாட்டுக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. அது மேற்குத் தொடர்ச்சி மலை தந்த இடம். உதகைக்கு அருகே முத்தோரையில் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970இல் செயற்படத் தொடங்கிய வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. அது நிற்கும் மலைச்சரிவின் சாய்வு ஏறத்தாழ 11 பாகை. அவ்விடத்தின் அட்சரேகையும் அதுவே. ஆதலால் அச்சரிவில் வடக்குத் தெற்காகக் கிடத்திய கருவியின் அச்சு புவியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. கருவியை அந்த ஒரே அச்சில் மெல்லச் சுழற்றினால் வானத்திலுள்ள ஒரு மூலத்தை ஒன்பதரை மணி நேரம் தொடர்ந்து நோக்கலாம். வேறெங்கோ பெரும் பொருட்செலவில் செய்ய வேண்டியதை ஒரு மலைச்சரிவைத் தேடிக் கண்டுபிடித்ததன் மூலம் முடித்தார் ஸ்வரூப். இடமறிந்து பொருள் செய்யும் குறிஞ்சித் திணை மரபுக்கு இதைவிட நல்ல புதிய சான்று கிடைப்பது அரிது.

நிலவு வானில் நகர்ந்து ஒரு வானொலி மூலத்தை மறைக்கும்போது அதன் ஒலி எவ்வாறு படிப்படியாகத் தேய்கிறது என்பதை அக்கருவி அளந்தது. ஒரே கணத்தில் மறைந்தால் புள்ளி. தயங்கித் தயங்கி மறைந்தால் பரந்த பொருள். இருமுறை தேய்ந்தால் இரட்டை. இப்படி நிலவின் விளிம்பைக் கத்தியாகக் கொண்டு நூற்றுக்கணக்கான வானொலித் திரள்களின் அளவும் அமைப்பும் உதகையில் அறியப்பட்டன. 1975இல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் அவ்வளவுகளைக் கொண்டு, அண்டம் காலந்தோறும் மாறிவருவது என்னும் கொள்கைக்கு ஆதரவு தேடித் தந்தனர்.

இங்கே ஒரு சிறு விலகல். தேனி மாவட்டத்தில் விண்ணியல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பொட்டிப்புரத்து நியூட்ரினோ ஆய்வகத் திட்டமே. 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் பெற்ற அத்திட்டத்தை, மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டையும் புலிகளின் வழித்தடத்தையும் காரணம் காட்டி, ஏற்கவியலாது என்று தமிழக அரசு 2022இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அங்கே ஆராயவிருந்தவை பெரும்பாலும் நமது வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்கள். தாரைகளைப் பற்றிய ஆய்வன்று அது. எனினும் இவ்விரண்டுக்கும் உறவே இல்லை எனவும் இயலாது. 2017 செப்டம்பர் 22ஆம் நாள் தென்துருவப் பனிக்கட்டிக்குள் புதைத்த கருவிகளில் பதிவான ஒரு நியூட்ரினோவின் வழியைப் பின்னோக்கிப் பார்த்தபோது, அது ஓரியன் மண்டலத்தின் திசையில் நம்மை நேராக நோக்கித் தாரை பாய்ச்சும் ஒரு திரளைச் சுட்டியது. மலைக்கு மேலும் கீழும் நடந்த வாதங்களில் எந்தப் பக்கம் நின்றாலும் அச்செய்தி வியப்புக்குரியதே.

இனித் தாரை செய்யும் வேலை. அழிப்பது முதலில்.

திரள்கள் நூற்றுக்கணக்கில் கொத்துக் கொத்தாகவும் வாழ்கின்றன. கொத்தின் இடைவெளிகளை மிக மெல்லிய வாயு நிரப்பியிருக்கிறது. அதன் வெப்பம் பல கோடி பாகை. அதன் மொத்த நிறை கொத்திலுள்ள மீன்கள் அனைத்தின் நிறையையும் விஞ்சும். அவ்வாயு ஊடுகதிர்களை வீசி வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கிறது. இழக்க இழக்கக் குளிர வேண்டும். குளிர்ந்தது கொத்தின் நடுவில் விழ வேண்டும். விழுந்தது ஆண்டுக்கு நூறு, இருநூறு என்ற கணக்கில் புதிய சூரியன்களாக வேண்டும். 1970களிலும் 80களிலும் கணக்கிட்டவர்கள் இதைத்தான் எதிர்பார்த்தனர். பார்த்தால் மீன்கள் இல்லை. குளிர்ந்த வாயுவும் எதிர்பார்த்த அளவில் இல்லை. அறுவடைக் கணக்கு எழுதிவைத்த பின் களத்தில் நெல்லைக் காணாதது போன்ற நிலை.

விடையின் பெரும்பகுதி பெர்சியஸ் கொத்திலிருந்து வந்தது. ஏறத்தாழ 24 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அக்கொத்தின் நடுத்திரளிலிருந்து கிளம்பும் தாரைகள், சுற்றியுள்ள வெப்ப வாயுவைத் தள்ளிக் குமிழ்களைத் தோண்டியிருப்பதை 1990களில் ஊடுகதிர்ச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. 2003இல் ஆண்ட்ரு ஃபேபியனும் அவர் குழுவினரும் அக்குமிழ்களிலிருந்து வட்ட வட்டமாக அலைகள் பரவுவதைக் கண்டனர். வாயுவில் பரவும் அழுத்த அலைக்கு ஒலி என்று பெயர். இவ்வொலியின் சுருதி பியானோவின் நடுச் சுருதியிலிருந்து 57 ஸ்தாயி தாழ்ந்தது; ஓர் அதிர்வுக்கும் அடுத்த அதிர்வுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு. தாரை என்னும் ஊதுகொம்பையும் அகராதி சேர்த்துவைத்தது வீண்போகவில்லை! கேட்கச் செவியில்லாத அந்த ஒலியும் குமிழ்களின் எழுச்சியும் வாயுவைக் குளிரவிடாமல் கதகதப்பாக வைத்திருக்கின்றன. குளிராத வாயு மீனாவதில்லை.

இதில் பள்ளத்தாக்கு மக்களுக்குப் பழக்கமான ஓர் ஒழுங்கு இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு நீர் திறப்பது அணையின் நீர்மட்டத்தைப் பொறுத்தது. மட்டம் உயர்ந்தால் திறப்பு, தாழ்ந்தால் அடைப்பு. திரளின் நடுவிலும் வாயு குளிர்ந்து விழுந்தால் கருந்துளைக்கு இரை கிடைக்கிறது. இரை கிடைத்தால் தாரை எழுகிறது. தாரை எழுந்தால் வாயு காய்கிறது. காய்ந்தால் வரத்து நிற்கிறது. வரத்து நின்றால் தாரை ஓய்கிறது. ஓய்ந்தால் மீண்டும் குளிர்கிறது. பின்னூட்டம் என்று அறிவியலார் இதற்குப் பெயரிட்டனர். பொதுப்பணித் துறைப் பொறியாளர் எவரும் இல்லாத மதகு இது; நீரே தன்னைத் திறந்து, நீரே தன்னை அடைத்துக்கொள்கிறது. பெருந்திரள்கள் பெரும்பாலும் முதிய செந்நிற மீன்களால் நிறைந்து, புதிய நீல மீன்களின்றி இருப்பதற்கு இந்த மதகே முதன்மைக் காரணம் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து.

இத்தோடு கதை முடிந்திருந்தால் தாரை என்பது அழிவின் பெயராக நின்றிருக்கும். முடியவிடாமல் செய்தவை சில விந்தைப் பொருள்கள். அவற்றுள் தலையாயது ருடால்ஃப் மின்கோவ்ஸ்கி 1958இல் குறிப்பிட்ட ஒரு சிறு நீலத் திட்டு. அது என்ஜிசி 541 என்னும் முதிய திரளின் அருகே இருக்கிறது. அத்திரளிலிருந்து பாயும் தாரை நேராகப் போய் அந்நீலத் திட்டில் மோதுகிறது. நீலம் என்பது இளமையின் நிறம். பெருமீன்கள் நீலமாக எரிந்து விரைவில் மடிபவை. கிழத்திரளின் அருகே, அதுவும் தாரை முட்டுமிடத்தில், குழந்தைகள் எப்படி வந்தன?

காரணமா தற்செயலா என்னும் கேள்வி இங்கேதான் கூர்மையடைகிறது. வழியில் ஏற்கெனவே ஒரு குட்டித் திரள் தன்பாட்டில் மீன்களைப் பெற்றுக்கொண்டிருக்க, தாரை பிறகு வந்து அதை இடித்திருக்கலாமே! 2006இல் ஸ்டீவ் கிராஃப்ட்டும் உடனாய்வாளர்களும் இதை இரு வகையில் சோதித்தனர். முதலாவது வயது. அங்குள்ள மீன்களின் நிறத்தைப் பகுத்தால் அவற்றின் வயது ஏறத்தாழ 75 லட்சம் ஆண்டுகள் என வந்தது. அதாவது வானியல் கணக்கில் அவை நேற்றுப் பிறந்தவை. முன்பே மீன்பெற்ற ஊராக இருந்தால் கிழமீன்கள் பெருந்தொகையாய் இருந்திருக்க வேண்டும், இல்லை. இரண்டாவது வாயு. குளிர்ந்த ஹைட்ரஜன் தாரை மோதும் இடத்துக்கு அப்பால், அதன் போக்கிலேயே, அதைச் சூழ்ந்தாற்போல் கிடந்தது. தாரை வருமுன் இருந்த மேகமாயின் மோதலுக்கு முன்புறத்திலும் இருக்க வேண்டும். ஆகவே வெதுவெதுப்பாகச் சிதறிக் கிடந்த வாயுவைத் தாரையே அமுக்கிக் குளிரச்செய்து மேகமாக்கி, மேகத்தை மீனாக்கியது என்பது அவர்கள் முடிவு. இச்சான்றுகள் வழக்குமன்றத்திலும் நிற்கக் கூடியவை. ஆண்டுக்குச் சூரிய நிறையில் பாதி வீதம் அங்கே மீன்கள் பிறக்கின்றன.

1987இல் வேறொரு சான்று வந்திருந்தது. மிகத் தொலைவிலுள்ள, அதாவது அண்டம் இளமையாயிருந்த காலத்து வானொலித் திரள்களைப் படம்பிடித்த இரு குழுவினர், அவற்றின் ஒளிவடிவமும் தாரையின் திசையும் ஒரே கோட்டில் நீண்டிருப்பதைத் தனித்தனியே கண்டனர். தாரை போன வழியெல்லாம் மீன்கள் முளைத்தன என்று அப்போது எழுந்த மகிழ்ச்சி பின்னர் சற்றுத் தணிந்தது. அவ்வொளியில் ஒரு பகுதி மீன்களுடையதன்று. நடுவிலிருந்து வந்து தூசில் பட்டுச் சிதறியது என்று தெரிந்தது. ஆனால் முழுவதும் அப்படியன்று. சில திரள்களில் மீன்களின் தடயம் உறுதியாகவே கிடைத்தது.

ஒரே தாரை எப்படி ஓரிடத்தில் கலைக்கவும் வேறோரிடத்தில் கருக்கொள்ளச் செய்யவும் முடியும்? உத்தமபாளையம், சின்னமனூர்ப் பக்கத்துக் களங்களில் நெல் தூற்றியவர்கள் இதற்கு விடை சொல்லக்கூடும். காற்று ஒன்றே. முறத்திலிருந்து சரியும் பதர் பறக்கிறது. மணி காலடியில் விழுகிறது. காற்றுக்கு விருப்பு வெறுப்பு இல்லை. வேறுபாடு தூற்றப்படும் பொருளில் இருக்கிறது.

மீன் பிறக்க வாயு மிகக் குளிர்ந்து, சுழியத்துக்குக் கீழே 260 பாகை அளவுக்கு இறங்கி, தன் எடையைத் தானே தாங்கமாட்டாமல் உள்நோக்கிச் சரிய வேண்டும். தாரையின் அதிர்ச்சியலை எந்த வாயுவையும் முதலில் சூடாக்கவே செய்யும். அந்தச் சூட்டை அவ்வாயு எவ்வளவு விரைவில் உதறித் தள்ளுகிறது என்பதில்தான் அதன் எதிர்காலம் இருக்கிறது. வாயுவின் அடர்த்தி இருமடங்கானால் அது வெப்பத்தை வீசும் வேகம் நான்கு மடங்காகிறது. அடர்ந்த மேகம் அமுக்கப்பட்டதும் சூட்டை வீசிவிட்டு முன்னிலும் குளிர்ந்து, முன்னிலும் அடர்ந்து, மீனாகச் சரிகிறது. மெல்லிய வாயுவோ வாங்கிய சூட்டை விடமாட்டாமல் பொங்கிப் பறந்துவிடுகிறது. மணியும் பதரும் பிரியும் இடம் இதுவே.

இன்னொன்றும் உண்டு: தாரை எந்தத் திசையில் பாய்கிறது என்பது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்று மலைமேல் ஏலத்தோட்டங்களில் மோதி மழையைக் கொட்டிவிட்டு, பள்ளத்தாக்குக்குள் இறங்கி, ஆண்டிபட்டிப் பக்கம் போய்ச் சேரும்போது ஈரமற்ற வேகமாக மட்டும் மிஞ்சிக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. மலை நிற்கும் கோணம் மாறினால் மழையின் கணக்கும் மாறும். புனேயிலுள்ள வானியல், வான்இயற்பியல் பல்கலைக்கழக இடைநிலை மையத்தில் திபாஞ்சன் முகர்ஜியும் அவர் குழுவினரும் கணிப்பொறியில் தாரைகளை எழுப்பி இத்தகைய கோணங்களை ஆராய்ந்து வருகின்றனர். திரளின் தட்டுக்குச் செங்குத்தாகப் புறப்படும் தாரை விரைவில் வெளியேறிப் போய்விடுகிறது. உள்ளூருக்கு அதனால் பெரும் சேதமில்லை. தட்டின் பக்கம் சாய்ந்து புறப்படும் தாரை மேகங்களுக்கிடையே சிக்கி, வழிதேடி அலைந்து, ஊரையே கலக்கிவிடுகிறது. அப்போது வாயு வெளியேறுவதும் இல்லை, மீனாவதும் இல்லை. கலங்கிய நிலையிலேயே கிடக்கிறது. அதே கலக்கத்தின் ஓரங்களில் சில இடங்களில் அமுக்கம் மிகுந்து மீன் பிறப்பு கூடுவதும் உண்டு. ஆக்கமும் அழிவும் ஒரே திரளில் ஒரே காலத்தில் நிகழ்கின்றன என்று அந்தக் கணக்குகள் காட்டுகின்றன.

கணக்கில் கண்டதற்கு வானத்தில் சான்று செண்டாரஸ் ஏ. நமக்கு மிக அருகிலுள்ள பெருந்தாரைத் திரள் இது. தொலைவு ஏறத்தாழ 120 லட்சம் ஒளியாண்டுகள். அதன் வடகிழக்குத் தாரையின் போக்கில், நடுவிலிருந்து ஐம்பதாயிரம் ஒளியாண்டு அளவு தள்ளி, ஓரிரு கோடி ஆண்டு வயதே நிரம்பிய இளமீன்கள் இழையிழையாகக் கிடக்கின்றன. தாரை மீன் பெற்றதற்கு இதைவிட அருகில் சாட்சி இல்லை என்று பலரும் எழுதினர். பிறகு 2016இல் அவ்விழைகளிலுள்ள குளிர்ந்த வாயுவை அளந்தபோது, வாயு மிகுதியாக இருந்தும் அதற்கேற்ற அளவில் மீன்கள் பிறக்கவில்லை என்று தெரிந்தது. தாரை வாயுவைக் குவித்துக் கொடுத்திருக்கிறது. அதே தாரை அதைக் கலக்கிவிட்டும் இருக்கிறது. ஒரு கை கொடுக்க, மறு கை பறிக்கிறது.

எந்தக் கை வலியது? இன்றைய அண்டத்தைப் பொறுத்தவரை பறிக்கும் கையே வலியது எனச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. மின்கோவ்ஸ்கியின் திட்டில் ஆண்டுக்கு அரைச் சூரியன் பிறக்கிறது. பெர்சியஸ் போன்ற கொத்துகளில் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் பிறக்கவிருந்தவை தடுக்கப்படுகின்றன. கருந்துளை மீன்களை ஈன்றது என்று அவ்வப்போது வரும் செய்தித் தலைப்புகள் இந்த விகிதத்தைச் சொல்வதில்லை. ஆயினும் தடுப்பும் முழுமையானதன்று. 2012இல் அறிவிக்கப்பட்ட ஃபீனிக்ஸ் கொத்தின் நடுத்திரளில் ஆண்டுக்கு எழுநூறு சூரியன்களை ஒட்டிய வீதத்தில் மீன்கள் பிறப்பதாகக் கணக்கிட்டனர். அங்கே தாரை இல்லாமலில்லை. 2017இல் சிலி நாட்டு ஆல்மா தொலைநோக்கி, தாரை ஊதிய குமிழ்களின் விளிம்பைச் சுற்றிக் குளிர்ந்த வாயு நூல்நூலாகத் தொங்குவதைக் காட்டியது. குமிழ் மேலெழும்போது தன்னோடு தூக்கிச் சென்ற வாயு அங்கே குளிர்ந்து படிகிறது. தன்னை அணைக்க வந்த தாரைக்கே அவ்வாயு இரையாகத் திரும்பி வருகிறது.

இந்தியாவில் இவ்வாராய்ச்சி இன்று மிகுதியும் புனேக்கு வடக்கே கோடத் என்னும் சிற்றூரைச் சுற்றியுள்ள மாபெரும் மீட்டரலை வானொலித் தொலைநோக்கியால் நடைபெறுகிறது. உதகைச் சரிவைக் கண்டுபிடித்த அதே கோவிந்த் ஸ்வரூப் அமைத்தது அது; 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்கள் 25 கிலோமீட்டர் பரப்பில் நிற்கின்றன. அதன் பதிவுகளைப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே உள்ளவரும் ஆராயலாம் என்னும் நோக்கில் ஆனந்த ஹோத்தா 2013இல் தொடங்கிய மக்கள் அறிவியல் முயற்சியில், கல்லூரி மாணவர்களும் சிற்றூர்க்காரர்களும் பயிற்சி பெற்று வானப் படங்களில் விந்தைகளைத் தேடி வருகின்றனர். அப்படிக் கிடைத்த ஒன்று 2022இல் வெளியிடப்பட்டது. ஏறத்தாழ நூறு கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரண்டு திரள்கள் நெருங்கிக் கொண்டிருக்கின்றன. ஒன்றின் நடுவிலிருந்து புறப்பட்ட தாரை அடுத்த திரளின் மேல் பட்டு, காளானின் குடை போல விரிந்து நிற்கிறது. விரிந்த அமைப்பின் நீளம் 4,40,000 ஒளியாண்டுகள். மறுபுறம் பாய வேண்டிய இரண்டாம் தாரை தென்படவில்லை. ஒரு வீட்டுக் கூரைநீர் அடுத்த வீட்டு முற்றத்தில் விழுவது போன்ற இக்காட்சியில், அடுத்த வீட்டு மேகங்கள் மணியாகுமா பதராகுமா என்பதே இனி ஆராய வேண்டியது. தேனி, போடி, பெரியகுளம் கல்லூரிகளில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகளுக்கும் அந்தக் கதவு மூடப்பட்டதன்று. வலைப்பின்னலும் பொறுமையும் இருந்தால் போதும். மலைச்சரிவு கூட வேண்டாம்.

நமது பால்வீதி இவ்வழக்கில் கட்சிக்காரரா பார்வையாளரா என்று கேட்கத் தோன்றும். அதன் நடுவில் 40 லட்சம் சூரிய நிறையுள்ள கருந்துளை இன்று பசியடங்கி இருக்கிறது. ஆனால் 2010இல் ஃபெர்மி செயற்கைக்கோளின் பதிவுகளிலிருந்து, பால்வீதித் தட்டின் மேலும் கீழும் தலைக்கு 25,000 ஒளியாண்டு உயரத்துக்கு எழுந்து நிற்கும் இரு காமாக் கதிர்க் குமிழ்கள் கண்டுபிடிக்கப்பட்டன. சில பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் கருந்துளை விழித்தெழுந்ததன் தழும்பு என்று சிலரும், நடுவில் கூட்டமாகப் பிறந்து மடிந்த பெருமீன்களின் வேலை என்று சிலரும் கூறுவர். மனித இனத்தின் மூதாதையர் ஆப்பிரிக்கப் புல்வெளியில் நிமிர்ந்து நடந்த காலத்தை ஒட்டியது அந்நிகழ்ச்சி.

செண்டாரஸ் ஏ திரளைப் பார்க்க விரும்புவோர்க்குச் சித்திரை மாதம் உகந்தது. நிலவற்ற நாளில், நள்ளிரவை ஒட்டி, தெற்குப்புறம் மலை மறைக்காத ஓரிடத்தில் நின்றால் தேனியிலிருந்து அது அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 37 பாகை உயரத்தில் இருக்கும். தென்சிலுவையிலிருந்து வடக்கே மேல்நோக்கிச் செல்ல வேண்டும். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, நல்ல இருகண் நோக்கியில் மங்கிய பஞ்சுத் துணுக்காகத் தெரியும். அதன் குறுக்கே ஓடும் கருந்தூசிப் பட்டையைக் காணச் சிறு தொலைநோக்கி வேண்டும். தாரை அதிலும் தெரியாது. அத்தாரையின் வடகிழக்கு ஓரத்திலிருந்து இன்று கண்ணில் படும் ஒளி கிளம்பிய போது, அங்குள்ள நீல மீன்களில் பல அண்மையில்தான் ஏற்றப்பட்டிருந்தன.